மெல்பர்னில் ஒரு தெருக்குத்து

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் சுப்பராமன், காலைக் காப்பி முடிந்ததும் மெல்பர்னுக்குக் கிளம்பிவிடுவார். சட்டைகூட மாற்றுவதில்லை. கணினியில், தெருக்களைப் படமாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து, அதிலுள்ள மஞ்சள் பொம்மையைத் தூக்கிச் சாலையில் போட்டு, அம்புக்குறியைத் தட்டத் தட்ட நடந்துகொண்டே இருப்பார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவர். திருப்பதிக்கு வடக்கே போனதில்லை, பாஸ்போர்ட் எடுத்ததில்லை. முட்டிவலி வந்தபிறகு மாடவீதிக்கே ஆட்டோதான். மெல்பர்னில் மட்டும் அவருக்கு மூச்சு வாங்கியதே கிடையாது.

அந்த ஊரைப் பற்றி அவருக்குக் குறைகளும் உண்டு. தெருவில் ஜனமே இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேருக்கும் முகம் இல்லை. யாரையும் அடையாளம் தெரியக் கூடாதென்று இயந்திரமே முகங்களைக் கலைத்துவிடுகிறதாம். பல் வைத்தியர் ஒருவர் விளம்பரப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பல்லோடு சேர்த்து முகம் போயிருந்தது.

"மனுஷாளா, பலகையான்னுகூடத் தெரியலை அதுக்கு," என்று மனைவி நீரஜாவிடம் சொன்னார்.

நீரஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரியறதே, போறும்," என்றாள்.

வம்பு வந்ததும் இந்த நடையால்தான். மெல்பர்னில் இருக்கும் மகள் ஷ்ரேயாவும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு வீடு பார்த்து, விலாசத்தை அனுப்பினார்கள். ரொம்ப நன்னா இருக்கு என்று அப்பா ஒரு வார்த்தை சொல்வார் என்பதுதான் ஷ்ரேயாவின் எதிர்பார்ப்பு. சுப்பராமன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். எதிரே ஒரு சாலை, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் வந்து, அந்த வீட்டுக் கதவில் முட்டி நின்றது. அசல் தெருக்குத்து. மயிலாப்பூரில் இப்படி ஒரு வீடு அமைந்தால் மதிலில் மாடம் வைத்துப் பிள்ளையாரை உட்கார்த்திவிடுவார்கள். வருகிற கெடுதலை அவர் பார்த்துக்கொள்வார். இல்லையென்றால் அந்த வீட்டையே வாங்க மாட்டார்கள். சுப்பராமன் இரண்டாவது கட்சி.

"அந்த வீடு வேண்டாம். தெருக்குத்து," என்றார் போனில்.

"அப்பா, இங்க எல்லாத் தெருவும் எங்கயாவது போய்க் குத்திண்டுதான் நிக்கறது. கையெழுத்துப் போட்டாச்சு."

"அப்போ அந்த ஆத்துல நான் கால் வைக்க மாட்டேன்."

"வைக்க வேண்டாம்," என்று ஷ்ரேயா போனை வைத்துவிட்டாள்.

கிரகப்பிரவேசத்துக்கு நீரஜா மட்டும் போய்விட்டு வந்தாள். அதற்கப்புறம் ஷ்ரேயாவின் போன் நேராக அம்மாவுக்குத்தான் வரும். "அப்பா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பக்கத்து அறையில் சுப்பராமன் பேப்பரைப் புரட்டாமல் பிடித்துக்கொண்டு கேட்பார். மகள் தன்னோடு பேசாதது அவருக்குத் தாங்கவில்லை. அதை ஒத்துக்கொள்வதைவிட மெல்பர்னில் நடப்பது சுலபமாக இருந்தது. தினமும் அந்தச் சாலையின் கோடிவரை போவார். வாசலில் கால் வைக்காமல் திரும்பிவிடுவார். படம் பழையது. 'விற்பனைக்கு' என்ற பலகை அதில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. இவர்கள் இன்னும் வாங்கவில்லை, சண்டையும் போடவில்லை என்று வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் காலை போனபோது பலகையைக் காணோம். படத்தைப் புதிதாக எடுத்துப் போட்டிருந்தார்கள். ஜன்னலில் நீரஜா வாங்கிக் கொடுத்த திரைச்சீலை. தபால் பெட்டிக்குப் பக்கத்தில், வருகிற சாலையைப் பார்த்தபடி, செங்கல் மேடைமேல் குட்டையாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் கலைந்திருந்தது. மனுஷன் என்று இயந்திரம் நினைத்துவிட்டது. சுப்பராமன் படத்தைப் பெரிதாக்கினார். தொப்பை தெரிந்தது. நாலு கை தெரிந்தது. காலடியில் மூஞ்சூறு. முகம் தேவைப்படவில்லை.

"நீரஜா, இங்க வா."

நீரஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "ஆமாம், நான்தான் கொண்டுபோனேன். கனமான கனம். பொட்டியிலேர்ந்து பாதிப் புடவையை எடுத்து வெளில வச்சுட்டேன். அவதான் கேட்டா. 'அப்பா சொன்னது மனசை விட்டுப் போகமாட்டேங்கறதும்மா, ஒரு பிள்ளையார் வாங்கிண்டு வா'ன்னா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்கதான் தினம் போயிண்டு வந்துண்டிருக்கேளே. பாத்திருப்பேள்னு நினைச்சேன்."

சுப்பராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுக்கில்லாததை வெகுநேரம் துடைத்தார். பிறகு தன் போனை எடுத்து, தானே கூப்பிட்டார்.

"அப்பாவா?" ஷ்ரேயாவின் குரலில் பயம். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அம்மா நன்னா இருக்கா." அதற்குமேல் என்ன பேசுவதென்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. திரையைப் பார்த்தார். "பிள்ளையார் வெயில்லயும் மழையிலயும் இருக்காரே. மேல ஒரு கூரை போடப்படாதோ?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீயே வந்து போட்டுக் குடேன்ப்பா."

"உள்ள வரலாமோ?"

"வாசல்ல ஒருத்தர் உக்காந்துண்டிருக்காரே, அவரைக் கேட்டுண்டு வா."

சுப்பராமன் கணினியை மூடினார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எப்படி எடுக்க வேண்டும் என்று நீரஜாவிடம் விசாரித்தார். முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்றாள் அவள்.