ஜீப் கோயில் வாசலில் நின்ற நேரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். சாமி காரியத்தைக் குறை சொல்வது போல ஆகிவிடுமோ என்ற பயம்தான். நான் எட்டாவது வரை படித்தவன். கடைகளில் விற்கிற விதையைச் சோதிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றேன். இப்போது அந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் கடைகளுக்கு ஆய்வுக்குப் போனால், முதலில் கோயில் வாசலில் ஜீப்பை நிறுத்துவோம். கோமதியம்மனைக் கும்பிட்டு, நெற்றியில் புற்றுமண் இட்டுக்கொண்ட பிறகுதான் கடை. எங்கள் ஆய்வாளர் மேடத்துக்கும் அதுதான் வழக்கம். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

ஒரு ஐப்பசியில், பனவடலிசத்திரத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த வேலம்மாள் அலுவலகத்துக்கு வந்தார்.

"சங்கரன்கோவில் கடையில வாங்குன விதை, பாதிகூட மொளைக்கல மேடம். ஈரம் காயுறதுக்குள்ள மறுபடி விதைக்கணும். கடைக்காரரக் கேட்டா, 'நீ ஆழமா ஊனிட்ட'ன்னு என்னையச் சொல்லுதாரு."

மேடம் பில்லைப் பார்த்தார். "பிரிச்ச பாக்கெட் சோதனைக்குச் செல்லாதும்மா. இதே லாட் நம்பர் போட்டு, சீல் ஒடைக்காத பாக்கெட் கடையில இருந்தா சாம்பிள் எடுத்து, விக்கவிடாம தடை போட்டுருவேன். தடை போட்டாலே கடைக்காரங்க மாத்து விதையோட ஓடி வருவாங்க."

"அப்ப நான் முன்னாடி பஸ்ஸுல போயி கடைப் பக்கமா நிக்கேன்" என்று கிளம்பினார் வேலம்மாள்.

நாங்கள் வழக்கம்போலக் கோயிலுக்குப் போய்விட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எழுந்து நின்றார்.

"வாங்க மேடம், கூட்டம் இல்லாம நல்ல தரிசனமா?"

மேடம் அந்த லாட் எண்ணைச் சொல்லிக் கேட்டார். "அது எப்பவோ தீந்துட்டுல்லா" என்று கடைக்காரர் குடோனையே திறந்துவிட்டார். ஒரு பாக்கெட்கூட இல்லை.

வெளியே வந்தால் வேலம்மாள் ஜீப்பை மறித்து நின்றார்.

"டிரைவர் அண்ணாச்சி, எங்கன போயிருந்திய? ஒங்க ஜீப்பு கோயில்ல நிக்குன்னு கடைக்காரருக்குப் போன் வந்துச்சு. 'சாமி கும்பிட்டு வர அரை மணி ஆவும், தூக்குங்கலே'ன்னு மூட்டையெல்லாம் லோடு ஆட்டோவுல ஏத்திட்டாரு. கத்துனேன், ஒரு ஆளு கேக்கல."

மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிருங்கம்மா."

"சாமி கும்பிட்டதக் குத்தம் சொல்லல தாயி. இங்கன வந்துட்டுப் போயி கும்பிட்டிருக்கலாம்லா."

ஆட்டோவைத் தேடி ராஜபாளையம் ரோட்டில் வெகுதூரம் ஓட்டினேன். கிடைக்கவில்லை. மாற்று விதை வரவில்லை, மழையும் விட்டுவிட்டது. வேலம்மாள் நிலம் அந்த வருஷம் தரிசு போலவே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

அதன் பிறகு எங்களுக்குக் கடைதான் முதலில். அடுத்த போகத்தில் அதே கடையில் வேறொரு லாட் சிக்கியது, தடையும் போட்டோம். அது வேறு யாருடைய நிலத்தையோ காப்பாற்றியிருக்கும்.

சொல்லாமல் போய் நிற்பதுதான் ஆய்வு. நம்மை நம்பி ஒருத்தர் வெயிலில் காத்து நிற்கும்போது, அவரிடம் போய்ச் சேருவதும் அம்மனுக்குச் செய்கிற தொண்டுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், எதையும் மாற்றாமல். கோயிலில் நின்றதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாமே என்று தோன்றும். விட்டுவிடாதீர்கள். அதை விட்டால், குற்றம் செய்தவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான் என்று ஆகிவிடும்.