அமெரிக்காவுக்கு நியாயம் சொல்பவர்

"என்ன தப்பு பண்ணினீங்க?"

அரியமுத்து முதலில் கேட்பது இதைத்தான். பெயர், ஊர், சர்வே நம்பர் எல்லாம் அப்புறம். பட்டா மாற்ற வந்தவரோ, கிணற்றுக் கடனுக்கு வந்தவரோ, யாராக இருந்தாலும் எதிரே கிடக்கும் மரப்பெட்டியில் உட்கார்ந்த கையோடு இந்தக் கேள்வி வந்து விழும். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். தனக்கு நடந்த தப்பைச் சொல்லத்தானே அவர் பஸ் ஏறி வந்தார்! அரியமுத்து அசைய மாட்டார். டைப்ரைட்டரில் தாளைச் செருகிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கடைசியில் ஏதாவது ஒன்று வெளியே வரும். "மூணு வருசமா கிஸ்தி கட்டலைங்க" என்பார் ஒருவர். "அண்ணன் கையெழுத்தை நானே போட்டுட்டேனுங்க" என்பார் இன்னொருவர். மனுவின் முதல் வரியாக அதைத்தான் அடிப்பார். கோரிக்கை இரண்டாவது பாராவில்தான் தொடங்கும்.

அரியலூர் தாலுகா ஆபீசுக்கு வெளியே மனு எழுதுகிறவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் கேட்டதை எழுதுவார்கள். அழுதால் கூடவே கொஞ்சம் அழுதும் எழுதுவார்கள். அரியமுத்துவிடம் அதெல்லாம் நடக்காது. "நம்ம மெஷின்ல கண்ணீருக்கு எழுத்து கெடையாதும்மா, நடந்ததைச் சொல்லுங்க" என்று விடுவார். வயது ஐம்பத்து நான்கு. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கும். முகவரி அடிக்கும் முன் மட்டும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. இவர் மனு என்றால் அதிகாரிகள் முதலில் எடுத்துப் படிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தப்பை ஒப்புக்கொண்டு தொடங்குகிற காகிதம் அந்த ஆபீசுக்குள் வேறெங்கிருந்து வரப்போகிறது?

இவ்வளவு பெரிய நியாயஸ்தர் உள்ளூர் அரசியலில் வாயே திறப்பதில்லை. எந்தக் கட்சி வந்தது, எந்தக் கட்சி போனது, அவருக்கு ஒன்றுதான். அவருடைய கவலையெல்லாம் அமெரிக்காவைப் பற்றியது.

காரணம் குழந்தைவேலின் பழைய பேப்பர் கடை. சுண்ணாம்புக்கல் எடுக்கும் கம்பெனியில் ஒரு எஞ்சினீயர் இருக்கிறார். அவர் அமெரிக்க வாரப் பத்திரிகைகளைத் தருவித்துப் படித்துவிட்டுக் கட்டுக்கட்டாகக் கடையில் போடுவார். அவை பொட்டலமாவதற்கு முன் அரியமுத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். திருச்சியில் இன்டர்மீடியட் வரை படித்த இங்கிலீஷ், ஒரு வரி விடாமல் ஓடும். ஒரே ஒரு சங்கடம், பத்திரிகை இவர் கைக்கு வரும்போது ஆறேழு மாதம் ஆகியிருக்கும். அங்கே தீர்ப்பாகி எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட வழக்குக்கு, இங்கே இவர் மதியம் இரண்டு மணிக்குச் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடுவார்.

அந்நாட்டின் எல்லா விவகாரத்திலும் அவருக்கு ஒரு தரப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடிச் சாமி கும்பிடக் கூடாது என்று அந்த ஊர்க் கோர்ட்டு சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை ஒரு நிமிடம் கண்ணை மூடினால் எந்தச் சட்டம் இடிந்துவிடும் என்று கேட்பார். ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லாவற்றிலும் ஒரே சட்டம் என்று அங்கே கிளம்பியிருக்கும் திருத்தத்தையும் அவர் ஏற்கவில்லை. நாளைக்குப் பெண்களையும் சண்டைக்கு அனுப்புவார்கள் என்று மாய்ந்து போவார். அவர் மனைவி கமலவேணி இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். "அந்த ஊரு பொம்பளைங்களைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம், வூட்டுல வெறகு இல்லை" என்பதோடு அந்த விவாதம் முடிந்துவிடும்.

ஆனால் இரண்டு விஷயங்களில் மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். விளையாட்டு போய்விடும். ஒன்று, வியட்நாம் சண்டைக்குப் போக மறுத்து ஒளிந்தவர்களுக்கு அந்நாட்டு ஜனாதிபதி கொடுத்த பொது மன்னிப்பு. போனவன் கால் இல்லாமல் திரும்பியிருக்கிறான், சிலர் திரும்பவே இல்லை, போகாதவன் வந்து நின்று தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்பது அவர் கேள்வி. "கேக்காதவனுக்கு மன்னிப்புக் குடுத்தா, அது மன்னிப்பு இல்லீங்க, மறதி" என்பார். மற்றொன்று தூக்கு. பல வருடம் நிறுத்தி வைத்திருந்த மரண தண்டனையை அமெரிக்காவில் மறுபடி கொண்டுவந்தது சரிதான் என்பது அவருடைய தீர்மானம். கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற பையனுக்காக ஒரு வக்கீல் வாதாடியதைப் படித்துவிட்டு ஒரு வாரம் ஆறாமல் இருந்தார். அப்பன் குடிகாரன், அம்மா ஓயாமல் திட்டினாள், வளர்ப்பு சரியில்லை, ஆகையால் பையன் மேல் முழுக் குற்றமில்லை என்றானாம் வக்கீல்.

"சுட்டது யாரு வெரலு? அம்மா வெரலா?" என்று குழந்தைவேலிடம் கேட்டார். குழந்தைவேல் பாவம், பேப்பரை எடை போட்டுக்கொண்டிருந்தவர், இல்லைங்க என்றார். செத்துப்போன கடைக்காரரின் மனைவி பெயர் அந்தப் பத்திரிகையில் ஓரிடத்தில்கூட இல்லை என்று அரியமுத்து விரலை வைத்துக் காட்டினார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

போன ஐப்பசியில் கொளஞ்சியம்மாள் வந்தாள்.

குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். கூலிக்குக் களையெடுத்துப் பிழைக்கிற குடும்பம், சொந்தமாக ஒரு துண்டு புஞ்சைக் கொல்லை. அவள் மகன் அமாவாசை, அடுத்த கொல்லைக்கார அங்கமுத்துவை வெட்டிக் கொன்றுவிட்டான். அறுத்த வெங்காயத்தைக் குவித்து மூடியிருந்த பட்டறைக்குக் காவலாகப் படுத்திருந்த மனிதர், தூக்கத்திலேயே போய்விட்டார். திருச்சிக் கோர்ட்டு தூக்கு என்றது. மேல்கோர்ட்டுகளும் அதையே சொல்லிவிட்டன. இனி ஜனாதிபதிக்குக் கருணை மனு ஒன்றுதான் பாக்கி. அதற்கும் ஏழு நாள்தான் தவணை. நான்கு நாள் ஓடிவிட்டிருந்தது.

கூட வந்த அவள் தம்பி ராசாங்கம் யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினார். சம்பவம் நடந்தபோது அமாவாசை ஊரிலேயே இல்லை என்று அதில் இருந்தது. அரியமுத்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேறு ஆளிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். ராசாங்கம் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். கொளஞ்சியம்மாள் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அரியமுத்துவுக்கு அவளை ஏமாற்ற மனமில்லை. "அம்மா, இந்த மாதிரி கேசுக்குத் தூக்குதான் சரின்னு சொல்லிக்கிட்டுத் திரியறவன் நான். தெரியுமா ஒங்களுக்கு?" என்றார்.

"தெரிஞ்சுதாங்க வந்தேன். எங்களுக்கு வேண்டியவங்க எழுதினா யாருங்க நம்புவா?"

அவர் டைப்ரைட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தாளைச் செருகினார். பேரையும் ஊரையும் கேட்டார். முப்பது வருடத் தொழிலில் முதல் தடவையாக முதல் கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டார். பெற்ற பிள்ளையின் கழுத்துக்குக் கயிறு காத்திருக்கிறது. அவளைப் போய் எந்த வாயால் கேட்பது? ஆனால் அவள் விடவில்லை.

"நீங்க ஒண்ணு கேப்பீங்களாமே. அதைக் கேளுங்கய்யா."

கேட்டார். கொளஞ்சியம்மாள் நிதானமாகச் சொன்னாள். அங்கமுத்து வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். கேட்கப் போன அமாவாசையை நாலு பேர் பார்க்கச் செருப்பால் அடித்தார். அவன் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சோத்தைப் போட்டு வச்சேன். ஒரு வாய்கூட எடுக்கலை. 'அடி வாங்கிட்டு வந்த ஒனக்குச் சோறு ஒரு கேடா'ன்னு தட்டை இழுத்துக்கிட்டேன். எந்திரிச்சுப் போனவன்தான். கோர்ட்டுல எத்தனை தடவை கேட்டாங்க, இதை மட்டும் சொல்லலீங்க அவன். என்னைக் காட்டிக்குடுக்கலை."

தாலுகா ஆபீஸ் வாசலில் அன்று நல்ல கூட்டம். அரியமுத்து செருகிய தாளை உருவி எடுத்துத் திரும்பச் செருகினார். அம்மா விரலா என்று தான் கேட்டது அவர் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது. அதற்காக நினைத்ததை மாற்றிச் சொல்லுகிற ஆள் இல்லை அவர். அம்மா சொன்னாலும் வெட்டியது அவன் கைதான், அதில் மாற்றமே கிடையாது என்று அவளிடமே சொன்னார்.

"ஆமாங்க. அவன் தப்பு அவனுக்கு. என் தப்பைக் கொண்டுபோய் நான் எங்க குடுக்கறது?" என்றாள் அவள்.

இதை மனுவில் எழுதினால் போலீஸ் அவளையும் விசாரிக்கக்கூடும், வழக்கில் சேர்க்கவும் கூடும் என்று எச்சரித்தார். வரட்டும் என்றாள். மூன்று தரம் எச்சரித்தார். மூன்று தரமும் வரட்டும் என்றாள்.

அன்று வேறு மனு எதையும் அவர் தொடவில்லை. நான்கு தடவை அடித்துக் கிழித்து, ஐந்தாவதாக ஒன்றை முடித்தார். 'என் மகன் அங்கமுத்துவைக் கொன்றான்' என்பது முதல் வரி. 'அவனைச் சோற்றிலிருந்து எழுப்பி அனுப்பியவள் நான்' என்பது இரண்டாவது. அங்கமுத்துவின் மனைவி பொன்னாயி, இரண்டு பெண் குழந்தைகள், மூவரின் பெயரையும் சேர்த்து, அவர்களிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தனக்கு வாயில்லை என்று அவள் சொன்னதையும் எழுதினார். அப்புறம்தான் கோரிக்கை, ஒரே வாக்கியம். உயிரை மட்டும் விட்டுவிடுங்கள், சிறையிலேயே இருக்கட்டும். அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளின் கீழே வைத்தார். தபாலாபீசுக்குத் தானே போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

விஷயம் கடைத்தெருவில் பரவிவிட்டது. சும்மா இருப்பார்களா! தூக்கு வேண்டும் என்ற மனிதர் தூக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டாரே என்று ஆளாளுக்குச் சீண்டினார்கள். அமெரிக்காவில் தூக்கை எடுத்துவிடலாமா என்று குழந்தைவேல்கூட ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். எடுக்கக் கூடாது என்றார் அரியமுத்து, முன்னைப் போலவே. "சட்டமும் இருக்கணும். மனுவும் போகணும். ரெண்டுல எது இல்லாட்டியும் அது நாடு இல்லை" என்றார். அதற்குமேல் அவரை யாரும் வம்புக்கு இழுப்பதில்லை. மதிய வேளை வாதமும் குறைந்துவிட்டது. பத்திரிகை வாங்குவதை விடவில்லை. படிப்பார், மடித்து வைப்பார்.

மனு போய் ஒன்பது மாதம் ஆகிறது. வந்து சேர்ந்தது என்று அரியமுத்துவின் முகவரிக்கு ஒரு காகிதம் வந்தது. முடிவு தெரியும்வரை தூக்கு இல்லை என்று சிறையில் சொன்னார்கள். அதோடு சரி. கொளஞ்சியம்மாளைத் தேடி இதுவரை போலீஸ் வரவில்லை. மாதம் ஒரு திங்கட்கிழமை திருச்சிக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு, மறுநாள் அரியலூருக்கு வந்து அந்த மரப்பெட்டியில் உட்காருவாள். "வரலைம்மா" என்பார் அவர். தலையை ஆட்டிக்கொள்வாள். அழுவதில்லை. மனுவுக்கு ஆள் வந்தால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துகொள்வாள். பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து போய்விடுவாள்.

போன செவ்வாய்க்கிழமையும் வந்திருந்தாள். ஆள் வரத்து இல்லாத வேளை. அரியமுத்து புதிதாக வந்த கட்டிலிருந்து ஒரு பத்திரிகையைப் பிரித்தார். நடுப்பக்கத்தில் பெரிய படம். எந்த ஊர்ச் சிறையோ, உயரமான இரும்புக் கதவு, அதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையில் துணி கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள். தூக்கிப் பிடித்த பக்கம் கொளஞ்சியம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து கிட்டே வந்து பார்த்தாள்.

"யாருங்க அது?"

"இந்த அம்மாவோட மவனுக்கும் தூக்குன்னு தீர்ப்பாயிருக்கு. மனு குடுத்துட்டு நிக்கிறாங்க."

கொளஞ்சியம்மாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லிட்டாங்களாம்?" என்றாள்.

படத்தின் கீழே இரண்டு வரி அச்சிட்டிருந்தது. மனு தள்ளுபடி ஆனதையும், மறுநாள் காலை ஏழு மணிக்குத் தண்டனை நிறைவேறியதையும் சொல்லும் வரிகள். நடந்து ஏழு மாதம் ஆகிவிட்ட சங்கதி.

"இன்னும் பதில் வரலைன்னு போட்டிருக்கும்மா" என்றார் அரியமுத்து.

கொளஞ்சியம்மாளுக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். இருந்தும் அந்த இரண்டு வரியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, படத்தை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.