கையெழுத்தில்லாத மனு

எங்கள் தெருவில் இனி ஒரு பக்கம் மட்டும்தான் வண்டி நிறுத்தலாம் என்று மாற்றப்போவதாகப் பேரூராட்சியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாமாம். எழுதினால் பெயர் போடவேண்டும். பெயர் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

அவருக்கு இரண்டு பிக்கப் வண்டிகள். விடியும் முன் தக்காளி ஏற்றிக்கொண்டு மாரண்டஹள்ளி மண்டிக்குக் கிளம்பும். மதியம் திரும்பிவிட்டால் அவர் வண்டிகளும் மற்றவர்கள் வண்டிகளுமாகத் தெருவின் இரண்டு பக்கமும் அடைத்து நிற்கும். நடுவில் ஒரு ஸ்கூட்டர் போனால் பெரிது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு மதியம் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவரை முனைவரை தூக்கிக்கொண்டு ஓடியவரும் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்த மனிதரை எந்த வாயால் குறை சொல்வேன்? ஆனால், "இன்னொரு தடவ இவ்வளவு லேட்டானா கஷ்டம்மா" என்று டாக்டர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. மதியம் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து தெருவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பேன்.

கடைசியில் மொட்டைக் கடிதம் எழுதினேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில், "தைரியமா எந்திரிச்சுப் பேசு" என்று பிள்ளைகளை அதட்டியவள், கையெழுத்து தெரிந்துவிடக்கூடாது என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன்.

கருத்துக் கேட்பு சமுதாயக் கூடத்தில் நடந்தது. கணவருக்குக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. "நமக்கு நடந்தத அப்படியே சொல்லிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். அதிகாரி மனுக்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாமே ஆட்சேபம். கடைசியாக என் கடிதத்தை எடுத்தார்.

"இது ஒண்ணுதான் மாத்தச் சொல்லுது. ஆனா பேரு இல்ல. எழுதுனவங்க இங்க இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறேன். இல்லைன்னா இதச் சேத்துக்க முடியாது."

பக்கத்து வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "யாருங்க டீச்சர் இது? எங்க வண்டிய நாங்க எங்கங்க கொண்டுபோயி உடறது?" குரலில் கோபமே இல்லை. வருத்தம்தான்.

"தெரியலைங்க" என்றேன்.

அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். நான் எழவில்லை. கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழையபடியே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டார். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "சாருக்கு ஒண்ணுன்னா ஒரு கொரலு குடுங்க டீச்சர். நாங்க இருக்கறோமில்ல." உண்மையாகத்தான் சொன்னார்.

வீட்டு வாசலிலேயே கணவர் நின்றிருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒத்துக்கிட்டாங்க."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "உங்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவேன்னு இத்தன நாளாச் சொல்லல. மத்தியானம் ஆனா எனக்கு உசுரு கையில இருக்காது. இனிமே பயமில்ல" என்றார். பிறகு ஆசையாகக் கேட்டார்: "போர்டு எப்ப வெப்பாங்களாம்?"

"அடுத்த மாசம்" என்றேன்.