ஜன்னலிலிருந்து பார்த்த பனிக்கட்டி

கணவாய்க்குக் கீழே இருக்கும் மலைக்குடிலைப் பதினொரு குளிர்காலமாக ஸ்வோன்கா அக்காதான் நடத்துகிறார். சமையலுக்கு நான் சேர்ந்து இது மூன்றாவது வருடம். உறைந்த அருவியின் மேல் ஏறுகிறவர்கள் இங்கே வருவது எங்கள் சூப்புக்காக அல்ல, வாசலில் தொங்கும் கரும்பலகைக்காக. அருவி எப்படி இருக்கிறது, கணவாய்ச் சரிவில் புதுப்பனி எவ்வளவு, எங்கே சரியக்கூடும் என்று தினமும் ஏழு மணிக்குள் அக்கா அதில் எழுதிவிடுவார். தலைநகர் லுப்லியானாவில் இருப்பவர்கள்கூட தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டுத்தான் காரை எடுப்பார்கள்.

‘பத்திரம்’ என்ற சொல்லை அவர் எழுதியதே இல்லை. கண்டதை மட்டும் எழுதுவார். முக்கால் மணி நேரம் ஏறிப்போய், அருவியின் அடியில் குழாய் போன்ற எஃகுத் திருகாணியைப் பனிக்கட்டிக்குள் இறக்கிப் பார்ப்பார். உலர்ந்த தூள் வந்தால், கட்டி பாறையைப் பிடித்திருக்கிறது. தண்ணீர் வந்தால், பின்னால் ஓட்டம் இருக்கிறது, கட்டி கழன்றுகொண்டிருக்கிறது.

பிப்ரவரியில் அவருடைய இடது முழங்கால் வீங்கிக்கொண்டது. மலைச் சங்கத்துக்குத் தெரிந்தால் குடிலுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஐந்து நாட்கள் அவர் ஏறவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, “கட்டி உலர்வு, நல்ல பிடிப்பு” என்று எழுதினார். எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் நாள், வியாழக்கிழமை, அப்படியே எழுதி முடித்த பிறகு காஷ்பெரும் அவருடைய மைத்துனன் லெனார்ட்டும் வந்தார்கள். காஷ்பெர் பள்ளத்தாக்கில் தச்சர்.

“என்னக்கா, எழுத்து கோணிக்கிட்டுப் போகுது? காலங்காத்தாலயே ரம்மா?” என்றார் காஷ்பெர்.

“நீ ஏறுற லட்சணத்தைப் பாக்குறதுக்கு ரம் இல்லாம முடியுமா? டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு.”

லெனார்ட் பலகையைப் படம் எடுத்துக்கொண்டான். “அக்கா எழுதிட்டாங்க. இனி நாம பாக்க என்ன இருக்கு?”

இருவரும் அருவிக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒன்பது மணிக்கு வெதுவெதுப்பான தெற்குக் காற்று வீசியது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் விழத் தொடங்கியதும் அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“சொட்டுது. கயித்தை எடு, போலாம்.”

அந்த முக்கால் மணி நேர ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அருவியின் அடியில் அக்கா திருகாணியை இறக்கினார். பீறிட்ட தண்ணீர் அவர் முழங்கை வரை நனைத்தது. நாற்பது மீட்டர் உயரத்தில் இருவரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா தொண்டை கிழியக் கத்தினார். காற்றில் எதுவும் போய்ச் சேரவில்லை. லெனார்ட் உற்சாகமாகக் கையசைத்தான்.

அரை மணி நேரம் நின்றோம். கதவளவு ஒரு துண்டு உடைந்து எங்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிறகு இருவரும் அருவியின் மேல் விளிம்பைத் தாண்டி, ஓரத்து மரங்களில் கயிறு போட்டு இறங்கி வந்தார்கள்.

“நொண்டிக்கிட்டே வரவேற்க வந்தீங்களா?” காஷ்பெரின் முகமெல்லாம் சிரிப்பு. “மேல கொஞ்சம் ஈரம். மத்தபடி நீங்க எழுதின மாதிரியேதான்.”

“நான் பாக்கல, காஷ்பெர்.”

“என்ன பாக்கல?”

“காலையில இங்க ஏறி வரல. ஜன்னல்லேருந்து பாத்து எழுதினேன்.”

காஷ்பெர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“நேத்து?”

“நேத்தும்தான்.”

“ஞாயித்துக்கிழமை?”

அக்கா ஆமாம் என்று தலையை அசைத்தார்.

“ஞாயித்துக்கிழமை நேஷாவைக் கூட்டிட்டு வந்தேன்க்கா. என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. முதல் தடவை ஏறுறா. நீங்கதான் அவளுக்குக் கையுறை மாட்டிவிட்டீங்க.”

“அப்பவே சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துது,” என்றார் அக்கா. “சொல்லல.”

 காஷ்பெர் கயிற்றை நிதானமாகச் சுருட்டி முடித்துவிட்டு, யாரையோ செல்பேசியில் அழைத்தார்.

“சனிக்கிழமை வர்றதா சொன்னியே, வேணாம்... அருவி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதுடா. அதைப் பாக்க இங்க ஆள் இல்ல.”

இரண்டடி தள்ளி நின்று அதைக் கேட்ட அக்கா, ஈரத் திருகாணியைத் துடைத்து எடுத்துக்கொண்டார். இறங்கும்போது ஈரப்பனியில் இரண்டு முறை வழுக்கினார். இரண்டு முறையும் தாங்கிப் பிடித்தது காஷ்பெர்தான். அக்கா காலை ஊன்றியதும், கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.