கூடை சுமந்த ராணி

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் அந்தப் பழைய படத்தை மறுபடி போட்டிருந்தார்கள் அல்லவா, பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது மூத்தவள் கேட்டாள்: "ராஜா திரும்பி வந்து சந்தேகப்பட்டாரே, ராணி ஏம்ப்பா திருப்பி ஒண்ணுமே கேக்கல?" அந்த இரைச்சலில் எனக்குப் பதில் வரவில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வாயால் சொல்லப்போனால் குழறிவிடும். அதனால் எழுதுகிறேன். சின்னவனுக்கு அக்கா வாசித்துக் காட்டட்டும்.

அந்தக் கதை படமாக வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அதைக் கூத்தாக ஆடினோம். அதில் ராணி நான்தான். சிரிக்க வேண்டாம், மேலே படியுங்கள்.

போருக்குப் போன ராஜா பன்னிரண்டு வருஷம் கழித்துப் பண்டாரம் வேஷத்தில் வந்து, மனைவி ஒழுங்காக இருக்கிறாளா என்று சோதிக்கிறான். ராணி எல்லாச் சோதனையிலும் தேறுகிறாள். இதுவரைக்கும் கூத்தும் படமும் ஒன்றுதான். அவன் வேஷத்தைக் கலைத்த பிறகுதான் வித்தியாசம். படத்தில் என்ன நடந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். ராணி மயங்கி விழுந்து, எழுந்து, அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் கூத்தில் ராணி ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பாள். "என்னச் சோதிச்சீங்க, சரி ராசா. பன்னெண்டு வருசமா உங்களச் சோதிக்க யாரு வந்தா?" என்பாள். மகனுக்கு முதல் பல் எப்போது விழுந்தது, மழை பெய்யாத வருஷம் ஊர் எதைத் தின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ராஜாவுக்கு ஒன்றும் தெரியாது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். அந்த இடம் வரும்போது பொழுது விடிந்திருக்கும். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து, "கேளு தாயி, விடாத" என்று குரல் வரும்.

கூத்து வாத்தியாரும் என்னைப் போலத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்தான். முதல் ஒத்திகையில் என் நடையைப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கடா மாதிரி நடக்கிறாய், கிரீடம் வைத்த கழுத்து இப்படியா இருக்கும் என்று திட்டினார். ஒரு வாரம் கொழுந்துக்கூடை சுமந்து பார், தானாக வரும் என்றார். ஆண்கள் எங்களுக்கு அன்றைய வெட்டுக் கணக்கு இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். பெண்கள் மட்டும் மாலை வரை கொழுந்து பறிப்பார்கள். நான் தினமும் இரண்டு மணிக்கு மேல் மலைக்குப் போய், என் அம்மாவின் நிறைந்த கூடையை வாங்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகை வரை ஏறினேன். கங்காணி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அது சுலபம் என்று நினைத்துத்தான் ஏறினேன். இரண்டாம் நாளே கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கயிறு நெற்றியில் கோடு போட்டுவிட்டது. மழையில் நனைந்த கூடையில் கொழுந்தைவிடத் தண்ணீர்தான் கனம். பெண்கள் நிரைக்கு நிரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தன் தலைத்துணியை மடித்து நீட்டினாள். "நெத்தியில மாட்டாதீங்க. உச்சியில துணிய வச்சி, அதுக்கு மேல கயித்தப் போடுங்க" என்றாள். உங்கள் அம்மாதான். பிறகு இரண்டு வீட்டிலும் பேசி எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் படம் பதுளைக்கு வந்தது. தோட்டமே போய்ப் பார்த்தது. நானும் போனேன். ராணியாக நடித்த நடிகை அவ்வளவு அழகு, கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசியில் கேள்வி வரும், கேள்வி வரும் என்று காத்திருந்தேன். ஒரு பாட்டு வந்தது, விளக்கைப் போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது ஆண்கள் படத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தார்கள். பெண்கள் அதிகம் பேசவில்லை.

அடுத்த ஒத்திகையில் இளவட்டங்கள் என்னைப் பார்த்து விசில் அடித்தார்கள். "மீசை முளைச்ச ராணி வருது, வழி விடுங்கடா" என்றான் ஒருத்தன். அதுவரை ஆண் சேலை கட்டி ஆடுவதை யாரும் கேலி செய்ததில்லை. திரையில் நிஜப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் என் தாடை அவர்கள் கண்ணில் பட்டது. வாத்தியாருக்கும் மனம் உடைந்துவிட்டது. இந்த வருஷம் படத்தில் வருகிற மாதிரியே முடித்துவிடுவோம், கேள்வியெல்லாம் வேண்டாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

அதைவிடப் பெரிய இடி உங்கள் மாமாவிடமிருந்து வந்தது. அவர் அப்போது பதுளைக் கடைவீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. சேலை கட்டி ஆடுகிறவனுக்குத் தங்கச்சியைக் கொடுத்தால் கடையில் தலைகாட்ட முடியாது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூத்தையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொள்வதென்று ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். அது வீரம் இல்லை. உங்களிடம் மறைக்கவும் விரும்பவில்லை.

உங்கள் தாத்தா பாயை விரித்து உட்காரச் சொன்னார். மாமா நின்றுகொண்டே இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உங்கள் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். அதை என் முன்னால் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"கொழுந்துக்கூடையத் தூக்கிப் பாத்த ஆம்பள இந்தத் தோட்டத்துல வேற யாருண்ணே? நீ தூக்கியிருக்கியா?"

"அது கூத்துக்காகத் தூக்குனது" என்றார் மாமா.

"அதத்தான் நானும் கேக்கப்போறேன்" என்று என் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு மணிக்கு வேல முடிஞ்சி வந்து என்னா செய்வீங்க? மத்த ஆம்பளைங்க மாதிரி லயத்து வாசல்ல குந்திக்கிட்டு, நா வந்து அடுப்புப் பத்த வைக்கட்டும்னு இருப்பீங்களா?"

கூத்தில் ராஜா ஏன் தலையைத் தொங்கப்போட்டான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "எனக்குச் சோறாக்கத் தெரியாதே" என்றேன். அதுதான் உண்மை.

"ராணி வேசமும் தெரியாமத்தானே இருந்துச்சி. கத்துக்கிட்டீங்கல்ல?"

தாத்தா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. "ஒனக்கு இனி இதுல பேச்சு இல்ல, போயி வெத்தல வாங்கிட்டு வா" என்று மாமாவை அனுப்பினார். மாமாவும் போனார். கூத்தை விடுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டி வரவும் இல்லை.

திரும்பும் வழியில் மதகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பனி விலகிப் பதுளைப் பக்கத்துக் கூரைகள் வெயிலில் மினுங்கின. யாரும் இல்லாத ரோட்டில் தனியாகச் சிரித்தேன். பிறகு நேரே வாத்தியாரிடம் போய், கேள்வி இல்லாவிட்டால் வேறு ராணியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "நானும் அதத்தான்டா யாராச்சும் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். அந்த வருஷமும் விடியும் நேரத்தில் ராணி கேட்டாள். மாமா ஆண்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசில் அடித்தவர்களும் அந்த இடத்தில் அடிக்கவில்லை.

மகளே, ராணி ஏன் கேட்கவில்லை என்றால், கேள்வியை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால்தான். படத்தில் நிஜப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள், அவள் பேச்சைக் கொண்டுவரவில்லை. கூத்துதான் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். எங்கள் ராணியும் கேட்டு முடித்த பிறகு மங்களம் பாடி ராஜா காலில் விழத்தான் செய்தாள். பெண்கள் கேட்க நினைத்ததை மீசையை மழித்துக்கொண்டு ஒரு ஆண்தான் கேட்டான், ஒரு பெண்ணைக் கூத்தில் ஆடவிடவில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் கதை பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். நீ யோசித்தாய் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

முதல் மூன்று மாதம் நான் ஆக்கிய சோறு அடிப்பிடித்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள், நாலாம் மாதம்தான் சொன்னாள். இப்போது மணி மூன்றரை. அவள் மலையிலிருந்து இறங்க இன்னும் நேரம் இருக்கிறது. இத்தோடு நிறுத்திவிட்டு உலை வைக்கப் போகிறேன்.