தண்ணீர் மேசையில் வைத்த குங்குமம்

இதை எழுத எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. பேனாவை எடுப்பேன், ஒரு பக்கம் எழுதுவேன், மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிடுவேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன், அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தச் சம்பவம் கோவிலில் வேறு கதையாகப் பரவி, அந்தக் கதையால் எனக்கு மரியாதை கிடைத்துக்கொண்டிருந்தது. அதை விட மனசு வரவில்லை.

நான் மைசூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக முப்பது வருஷம் வேலை பார்த்தேன். காலையில் மெஷினுக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, சாமுண்டித் தாயை நினைத்துக் கும்பிட்ட பிறகுதான் சுவிட்சைத் தொடுவேன். ஆயுத பூஜைக்கு மட்டும் இல்லை, தினமும். அத்தனை வருஷத்தில் என் விரல் ஒன்றுகூடப் போகவில்லை.

ரிடையர் ஆன மறுவருஷம் நம் ஊரில் பல நாட்டுப் பெண்கள் ஓடும் பெரிய மாரத்தான் நடந்தது. தன்னார்வலர்கள் வேண்டும் என்று அக்ரஹாரத்துக் கோவில் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

"தன் பிபி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கத் தெரியாது. வெளிநாட்டுக்காரங்களுக்குத் தண்ணி எடுத்து வைக்கப் போறாராம்," என்றாள் மனைவி.

"சேவைடி."

"சேவை நம்ம வீட்லயே நிறைய இருக்கு. போங்க, போய் அங்கயும் சும்னே கையைக் கட்டிட்டு இருங்க, எதையும் நோண்டாதீங்க."

எனக்குத் தண்ணீர் மேசை கிடைத்தது. மேசைக்குப் பொறுப்பு ஒரு உடற்கல்வி டீச்சர், தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரர். ஓடுகிற பெண்கள் ஒரே பாதையை ஐந்து சுற்று ஓடவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவரவர் குடிக்கக் கலந்து கொடுத்த பாட்டில் மேசையில் இருக்கும். ஓட்டத்தில் யாரும் எண்ணைப் படிக்க மாட்டார்கள். அதனால் தங்கள் பாட்டிலுக்கு ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ஒருத்தி ரிப்பன் கட்டியிருப்பாள், ஒருத்தி மஞ்சள் டேப் சுற்றியிருப்பாள்.

"ஐயா, ஒண்ணு மட்டும் மறந்துபோடாதீங்க," என்றார் டீச்சர். "பாட்டிலை நகத்தக் கூடாது, மூடியைத் தொடக் கூடாது. ஒருத்தரு பாட்டிலை இன்னொருத்தரு எடுத்தா, எடுத்தவங்களுக்குப் பந்தயம் அதோட முடிஞ்சதுங்க."

விடிந்து கொஞ்ச நேரத்தில் டீச்சர் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கப் போனார். மேசை முன்னால் நான் தனியாக நின்றேன். எத்தனை தூரத்திலிருந்து வந்த பெண்கள், யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாதே என்று தோன்றியது. பையில் சந்தனமும் சாமுண்டி மலைக் கோவில் குங்குமமும் இருந்தன. பாட்டிலை நகர்த்தவில்லை, மூடியைத் தொடவில்லை. ஐந்து சுற்றுக்கும் இருந்த எல்லாப் பாட்டிலின் கழுத்திலும் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன். பட்டறையில் செய்ததைத்தான் செய்தேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் சுற்றில் முன்னால் வந்தவள் ரிப்பனைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவதாக வந்தவள் நீலச் சட்டை போட்ட மெலிந்த பெண். தூரத்திலேயே கையை நீட்டிவிட்டாள். மேசைக்கு அருகில் வந்ததும் கை நின்றது. கண் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியது. பிறகு வெறுங்கையோடு போய்விட்டாள்.

அவள் சட்டை எண் இருந்த பாட்டில் மேசையிலேயே நின்றது. பார்த்தேன். வெள்ளைப் பாட்டில். கழுத்தில் சிவப்பாக ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருந்தாள். அதுதான் அவள் அடையாளம். பக்கத்தில் இருந்த வெள்ளைப் பாட்டில்கள் எல்லாவற்றிலும் என் பொட்டு. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

டீச்சர் அதற்குள் திரும்பி வந்திருந்தார். "இந்தப் புள்ள எடுக்கலீங்களே. வேண்டாமுன்னு போயிருப்பா," என்றார்.

அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் நாலு சுற்று இருந்தது. நான் வாய் திறக்காவிட்டால் நாலு சுற்றும் அவள் இப்படியே போவாள், இல்லாவிட்டால் தப்பான பாட்டிலை எடுத்துப் பந்தயத்தையே இழப்பாள். பொட்டு வைத்ததை டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

டீச்சர் பாட்டில்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானும் காரமடைக்காரங்க திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறது மாதிரி ஏதோ ஏற்பாடு போலன்னு இருந்தேன். ஏனுங்கய்யா, ஓடுறதுக்கு வந்த புள்ளைங்கள சாமி கும்பிட வெச்சுப்போட்டீங்களே."

"என்னை அனுப்பிடுங்க மேடம். ஆனா முதல்ல இதைச் சரிபண்ணிட்டுப் போறேன்."

"அனுப்பறது அப்பறமுங்க. இப்ப ஆளு வேணும்."

அவர் மேலதிகாரியிடம் போனில் பேசினார். டீச்சர் பக்கத்தில் நின்று பார்க்க, நான் துடைக்கலாம் என்று உத்தரவு வந்தது. தோள் துண்டை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இளஞ்சிவப்பாக ஊறிவிட்டது. எத்தனை தேய்த்தாலும் ஒரு வட்டம் நின்றது. துண்டும் சிவந்தது, என் கையும் சிவந்தது.

"தேய்ச்சது போதும்," என்றார் டீச்சர். "மேசையில இருக்கறவங்க கையில எடுத்துக் குடுக்கலாமுங்க, விதி இருக்குது. அந்தப் புள்ளையோட பாட்டிலை நீங்க புடிச்சுட்டு முன்னால நில்லுங்க. மத்தவங்களுக்கு நான் பாத்துக்கறேன்."

பட்டியலில் அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டேன். அதை இங்கிலீஷில் நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். பாட்டிலின் அடியைப் பிடித்து, அவள் ஒட்டிய வட்டம் வெளியே தெரியும்படி திருப்பி, கையை நேராக நீட்டி நின்றேன்.

இரண்டாவது சுற்றில் அவள் ஐந்தாவதாக வந்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. பார்வை மேசை மேல்தான் இருந்தது. எண்ணைச் சொன்னேன். திரும்பவில்லை. மறுபடி சொன்னேன், பட்டறைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில். என் கையைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள், பறித்துக்கொண்டு போனாள். அந்த இழுப்பு தோள் வரை தெரிந்தது.

அடுத்த மூன்று சுற்றும் அதே இடத்தில் நின்றேன். தோள் வலித்தது. கையை இறக்கவில்லை. டீச்சர் ஒரு தடவை, "அவ வர இன்னும் நேரமிருக்குதுங்க, கையை இறக்குங்க" என்றார். முடியாது என்று சொன்னேன்.

அவள் ஏழாவதாக முடித்தாள். முதல் சுற்றில் தண்ணீர் கிடைத்திருந்தால் எத்தனாவதாக வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. பந்தயம் முடிந்ததும் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய் அவளைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் இங்கிலீஷில் விளக்கினார். அவள் என் சிவந்த கையைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், பஸ் ஏறப் போய்விட்டாள். மன்னித்தாளா, களைப்பில் ஆட்டினாளா தெரியவில்லை.

கோவிலில் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பொட்டு வைத்த பாட்டிலில் குடித்தவள் ஜெயித்துவிட்டாள், தாயின் மகிமை என்று ஆனது. பிரசாதம் எனக்கு முதலில் வந்தது. ஒவ்வொரு தடவையும் மனைவி காதோரம், "ஏழாவது வந்தவளுக்குப் பொங்கல் அனுப்புனீங்களா?" என்பாள்.

தாயை நான் இன்றும் தினமும் கும்பிடுகிறேன். என் தப்பைத் தாயின் பெயரில் பெருமையாக்கிச் சாப்பிடுவது மட்டும் இனி வேண்டாம். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். குங்குமம் வைத்தது நான். முதல் சுற்றில் அவள் தண்ணீர் இல்லாமல் போனாள். அவள் வந்தது ஏழாவது. இதில் ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.