ஜாடிக்குள் ஒரு பிகோனியா

வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பவன் நான். காஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்ததும் உண்டு. அப்படிப்பட்டவன் கையில், திறக்கவே கூடாது என்று ஒரு ஜாடியைக் கொடுத்துவிட்டாள் என் மகள்.

விழுப்புரத்தில் கல்லூரி விடுதியில் தங்கித் தாவரவியல் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் அவள் ஆசிரியை ஒற்றை இலை ஒன்றைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார். விடுதி அறையில் வெயில் அதிகம் என்று திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்து, வாரக் கடைசியில் வந்து பார்த்து வளர்த்தாள். டீக்கடையில் பிஸ்கட் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரிக் கண்ணாடி ஜாடி. உள்ளே பாசி, அதன் மேல் உள்ளங்கை உயரத்தில் ஒரு செடி. ஆப்பிரிக்கக் காடுகளில் வெயில் எட்டாத ஈரப் பாறையில் முளைக்கிற பிகோனியாவாம். கடுகை விடக் கொஞ்சம் பெரிய மொட்டு விட்டு, மஞ்சளாய்ப் பூத்தும் விட்டது.

அதை நேரில் பார்த்து மதிப்பெண் போட வெளியூரிலிருந்து ஆள் வருகிறார். செடி கருகினால் வருஷ உழைப்பும் போச்சு. கல்லூரியில் செடி வைக்கும் மேசையை ஒழுங்கு பண்ண அவள் முதல் நாளே கிளம்பினாள். விடுதி அறைச் சூட்டில் ஒரு ராத்திரி வைக்க வேண்டாம் என்று ஜாடியை மறுநாள் என்னைக் கொண்டுவரச் சொன்னாள்.

"மூடியத் தொறந்தா அனல் உள்ள பூந்துடும்பா. செடி தொவண்டுடும். டேப்பு ஒட்டிடட்டுமா?"

"எம்மேல நம்பிக்க இல்லியா?" என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டபோதே அந்த வீறாப்பு போய்விட்டது. வெயில் படாத பக்கம் இடம் கிடைக்கவில்லை. துண்டால் மறைத்தேன். கொஞ்ச தூரம் போய் விலக்கிப் பார்த்தால், கண்ணாடிக்குள் வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. இலையும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். மூடியில் கை போனது. கையை எடுத்தேன். திரும்பவும் போனது.

விக்கிரவாண்டி தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லோரையும் வெயிலில் இறக்கிவிட்டார்கள். மல்லி மொட்டு மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போகிற அம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். வேலியோரம் இருந்த துளி நிழலில் மூட்டையை வைத்து, பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்தாள்.

"உள்ள இன்னாண்ணா, மீனா?"

"செடிம்மா."

"செடிய எதுக்கு அடச்சி வெச்சிக்கினு கீற? மூச்சு வுட வாணாம்? தொற, ரெண்டு கை தண்ணி தெளிக்கிறேன்."

"தொறக்கக் கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருக்கு."

"பொண்ணு சொன்னா கேக்குறியா? எங்கூட்டு ஆளு அப்பன் ஆத்தா சொல்லியே கேட்டதில்ல." சிரித்துவிட்டு என் கையைப் பார்த்தாள். விரல் மூடியைப் பிடித்தபடி இருந்தது. "தொறக்கவும் மாட்ட, வுடவும் மாட்ட. குடு இப்டி."

பதறிப்போய் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அட, தொறக்கலண்ணா. சூடு ஏறாம இருக்கட்டும்னு பாக்குறேன்." தன் மூட்டை மேல் போட்டிருந்த ஈரச் சாக்கில் பாதியைக் கிழித்து ஜாடியைச் சுற்றினாள். அவள் மொட்டெல்லாம் மார்க்கெட் போவதற்குள் விரிந்துவிடும் என்ற கவலை அவளுக்கு. அதிலும் எனக்குப் பாதி சாக்கு.

அடுத்த பஸ் வந்தது. நின்றுகொண்டே போனேன். இனிப் பார்ப்பதற்கு ஆவி படிந்த கண்ணாடிகூட இல்லை, சாக்குதான். மகள் டேப்பு ஒட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

கல்லூரியில் மகள் வாசலுக்கே ஓடி வந்தாள். "மார்க்கு போடறவரு பக்கத்து மேசைக்கு வந்துட்டாருப்பா." உள்ளே போய்ச் சாக்கைப் பிரித்து ஜாடியை மேசையில் வைத்தாள். "நடுவுல தொறந்தியா?"

"இல்ல."

அவள் ஜாடியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை போலிருந்தது.

ஆவி சுலபத்தில் கலையவில்லை. பக்கத்து மேசையில் கேள்விகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு துளி வழிந்து இறங்கிய கோட்டில் பச்சையாக ஏதோ தெரிந்தது. இலைதான், நிமிர்ந்து நின்றது. பூ உதிர்ந்து பாசி மேல் கிடந்தது.

"அதுக்குக் கீழ பாருப்பா," என்றாள்.

இன்னொரு மொட்டு.

அவர் வந்து குனிந்து பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவள் தயங்காமல் பதில் சொன்னாள். நான் கதவோரம் நகர்ந்து நின்றேன். அவர் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து, "வூட்டப் பூட்டிட்டுதானே வந்த?" என்றாள்.

ஜாடியையே நினைத்துக்கொண்டு வந்ததில் பூட்டு ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சட்டைப் பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.